காரின் விலை இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் என்ற வேக செடான் காரை இந்தியாவுக்கு 100 எண்ணிக்கையில் மட்டும் இறக்குமதி செய்தது. ஷோரூம் விலை 49.99 லட்சம் ரூபாய். முன்பதிவு திறந்த வேகத்திலேயே அத்தனையும் தீர்ந்துபோயின. கிடைக்காதவர்களின் பார்வை இப்போது பழைய கார் சந்தைப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2017-இல் வந்த 230 குதிரைத்திறன் ஆர்எஸ், 2020-இல் 200 கார்கள் மட்டுமே வந்த ஆர்எஸ் 245, அவை அகப்படாவிட்டால் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, இன்னும் கொஞ்சம் துணிந்தவர்களுக்குப் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களிலும் இவை தொடர்ந்து வருகின்றன. ஒரு புதிய டிசையர் வாங்கும் பணத்துக்கு எட்டுப் பத்து வருடப் பழைய 3 சீரிஸ் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், பெரிய டிக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கூட்டிப் போகலாம், விடிகாலையில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்க்கலாம். அந்த ஆசையில் தவறே இல்லை. இவை உண்மையிலேயே நல்ல கார்கள்.

ஆனால் இந்த வகை காரை வாங்கப் போகிறவர் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏறக் காரின் விலை இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. 60 லட்சம் ரூபாய் காரை 15 லட்சத்துக்கு வாங்கினாலும், அதன் கியர்பாக்ஸும் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் 60 லட்சம் ரூபாய் காருக்குரிய விலையில்தான் வரும். டாலரும் யூரோவும் ஏறும்போது அவை மேலும் ஏறும். முதல் உரிமையாளர் தேய்மானத்தைச் சுமந்தார், இரண்டாமவர் பராமரிப்பைச் சுமக்கப் போகிறார். இந்தச் செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, அதில் எதைத் தவிர்க்கலாம் என்பதை விளக்கவே இக்கடிதம்.

கியர்பாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். பணம் போவதில் முதலிடம் அதற்குத்தான், தவறான நம்பிக்கைகள் அதிகம் உலவுவதும் அதைச் சுற்றித்தான்.

இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ‘டிஎஸ்ஜி’ என்று எல்லாரும் ஒரே பெயரில் அழைத்தாலும், உள்ளே இருப்பவை வெவ்வேறு கியர்பாக்ஸ்கள். 2017 ஆர்எஸ்ஸில் இருப்பது டிக்யூ250 எனப்படும் 6 ஸ்பீடு. இதன் இரண்டு கிளட்ச்களும் எண்ணெயில் மூழ்கியே சுழலும். ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, இன்றைய ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5 ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டிக்யூ200 எனப்படும் 7 ஸ்பீடு. இதன் கிளட்ச்கள் உலர் கிளட்ச்கள், எண்ணெய்க் குளியல் கிடையாது. ஹூண்டாய் வெர்னா டர்போவின் 7 ஸ்பீடு இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸான டிசிடியும் உலர் வகைதான். இந்த ஒரு வேறுபாடே பத்து வருடக் கணக்கைப் புரட்டிப் போட்டுவிடும்.

உலர் கிளட்சுக்கு எமன், ஊர்ந்து போகும் நெரிசல். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும் இன்னொன்று. நெரிசலில் கார் முதல் கியரில் அரை கிளட்ச்சிலேயே நகர்வதால் முதல் கிளட்ச் மட்டும் விரைவாகத் தேயும், சூடேறும், மினுமினுப்பு ஏறி வழுக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது காரே நடுங்குவதுதான் இதன் முதல் அறிகுறி. இதைத் தள்ளிப்போடும் வழி எளிது. கத்திப்பாராவிலோ ஜிஎஸ்டி சாலையிலோ முன்னால் இருக்கும் கார் ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர வேண்டியதில்லை. ஒரு கார் அளவு இடைவெளி விழும்வரை பிரேக்கை முழுதாக அழுத்தி நிற்க வேண்டும். பிரேக் முழுதாக அழுந்தியிருக்கும்போது கிளட்ச் விலகியிருக்கும், தேயாது. பிறகு ஒரே மூச்சில் நகர வேண்டும். மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைத் தாங்கிப் பிடிப்பது கிளட்ச்சைக் கொல்லும் பழக்கம். அங்கே பிரேக் அல்லது ஆட்டோ ஹோல்ட்தான் சரி.

கிளட்ச்சுக்கு அடுத்தது மெக்கட்ரானிக். கியர் மாற்றும் கணினியும் ஹைட்ராலிக் வால்வுகளும் சேர்ந்த பெட்டி இது. டிக்யூ200-இல் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் பொருத்தப்பட்ட இடத்தில் அலுமினிய உறையில் விரிசல் விழுவது உலகம் முழுவதும் தெரிந்த குறை. விரிசல் விழுந்தால் எண்ணெய் கசியும், பம்ப் ஓயாமல் ஓடும், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற பிழைக்குறியீடு வரும், கார் கியர் ஏற மறுத்து நடுரோட்டில் நின்றுவிடும். முழு மெக்கட்ரானிக்கை மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும். இப்போது உறையை மட்டும் மாற்றியோ சரிசெய்தோ தரும் தனிப் பட்டறைகள் பெரிய ஊர்களில் வந்துவிட்டன. சரியாகச் செய்தால் அது நல்ல வேலைதான். ஆனால் பெட்டியை மீண்டும் பொருத்திய பிறகு ஸ்கேனரில் அடிப்படை அமைப்பை ஓட்டி, கிளட்ச் தொடும் புள்ளிகளை மறுபடி கற்பிக்க வேண்டும். அந்தப் படியை விட்டுவிட்டு ‘ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்’ என்று சாவியை நீட்டும் பட்டறையை நம்பாதீர்கள்.

டிக்யூ250-க்கு நெரிசல் அவ்வளவு பகையில்லை. அதற்குப் பகை, அழுக்கேறிய எண்ணெய். கிளட்ச் தூள் அதே எண்ணெயில்தான் கலக்கிறது, அந்த எண்ணெய்தான் மெக்கட்ரானிக்கின் நுண்ணிய வால்வுகளுக்குள்ளும் ஓடுகிறது. அதனால் 60,000 கி.மீ.-க்கு ஒருமுறை எண்ணெயையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர் அளவில் இருந்தாலும், வடித்து மாற்றும்போது 5 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் உள்ளே போகும். இங்கே பல இடங்களில் நடக்கும் தவறு, வடிந்த அளவை அளந்து அதே அளவை ஊற்றி மூடிவிடுவது. சரியான முறை வேறு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருப்பதை ஸ்கேனரில் பார்க்க வேண்டும், அந்த நிலையில் அடித்துளை வழியாக மிகுதி எண்ணெய் சொட்டி நிற்கும் புள்ளியில் மூட வேண்டும். நம் சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டிக்கொண்டு வந்த காரில் உடனே இந்த வேலையைச் செய்ய முடியாது, ஆற விட வேண்டும். காலையில் முதல் வண்டியாகக் கொண்டுபோய் விடுவதே நல்லது.

பிஎம்டபிள்யூவில் இருக்கும் இசட்எஃப் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், என் மதிப்பீட்டில் இந்தப் பட்டியலிலேயே மிகச் சிறந்த கியர்பாக்ஸ். அதன் எண்ணெய் ‘லைஃப்டைம்’, மாற்றத் தேவையில்லை என்று ஷோரூமில் சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். அதே கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கி.மீ.-க்குள் அல்லது 8 வருடத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பாகம் என்பதால் தட்டையே மாற்ற வேண்டும். அதற்கான செலவு பத்தாயிரங்களில் முடியும். கியர்பாக்ஸே போனால் பல லட்சம்.

கியர்பாக்ஸ் பேச்சு வரும்போது ரீமேப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கணினியில் மென்பொருளை மாற்றி 50, 60 குதிரைத்திறன் ஏற்றித் தருகிறோம் என்ற அழைப்பு இந்தக் கார்களின் உரிமையாளர்களுக்கு ஓயாமல் வரும். டிக்யூ200 தாங்கும் திருப்புவிசையின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். 2016-இல் வந்த ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐயைக் கவனியுங்கள். ஒரே எஞ்சின், ஒரே 180 குதிரைத்திறன். மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர் தந்த தயாரிப்பாளர், டிஎஸ்ஜியில் 250-லேயே நிறுத்திக்கொண்டார். அந்தக் கியர்பாக்ஸ் அதற்கு மேல் தாங்காது என்று அதைச் செய்தவரே எழுதிக் கொடுத்த சான்று அது. அதைத் தாண்டி ஏற்றிவிட்டுக் கிளட்ச் போச்சு என்று அழுவதில் பொருளில்லை. ரீமேப் செய்ததைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்தால் இழப்பீடு கேட்கும்போதும் சிக்கல். பழைய கார் வாங்குபவர்கள் இதை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். விற்பதற்கு முன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். தேய்ந்த கிளட்ச் மட்டும் அப்படியே இருக்கும்.

இனி எஞ்சின். இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவை நேரடி எரிபொருள் பீய்ச்சலும் டர்போவும் கொண்ட பெட்ரோல் எஞ்சின்கள். நிறுவனம் 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று எண்ணெய் மாற்றும் இடைவெளி தருகிறது. ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். மூன்று கிலோமீட்டர் அலுவலகப் பயணம், 38 டிகிரி வெயில், பாதி நேரம் நின்றபடியே ஓடும் எஞ்சின் என்ற நம் வாழ்க்கைக்கு 7,500 கி.மீ.-யே பாதுகாப்பான அளவு. குறுகிய பயணங்களில் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் டர்போவின் தண்டைச் சரியாகத் தாங்காது. 1.8, 2.0 டிஎஸ்ஐ எஞ்சினுக்கு 5 முதல் 6 லிட்டர், பிஎம்டபிள்யூ எம்340ஐ-யின் 3 லிட்டர் பி58 எஞ்சினுக்கு 6.5 லிட்டர் எண்ணெய் வேண்டும். டப்பாவின் முன்பக்கம் போட்டிருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் ஃபோக்ஸ்வேகன் 502.00 அல்லது 504.00, பிஎம்டபிள்யூவுக்கு அதன் லாங்லைஃப் தர எண் என, உங்கள் கார்ப் புத்தகத்தில் இருக்கும் அதே எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2009 முதல் 2013 வரையிலான ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ கார்கள் இன்று மிக மலிவு. அவற்றில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பிஸ்டன் ரிங்குகள் வழியாக எண்ணெய் எரிவது. 1,000 கி.மீ.-க்கு அரை லிட்டர் வரை குடிப்பது இயல்புதான் என்று உரிமையாளர் கையேடே சொல்லும், அதை நம்பி அளவுக்கோலைப் பார்க்காமல் விட்டால் எஞ்சின் வறண்டுவிடும். இரண்டாவது, வால்வுகளை இயக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டைமிங் செயின் டென்ஷனர். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது பல் பிடி நழுவி, ஸ்டார்ட் செய்யும் நொடியில் செயின் பல் தாண்டலாம். தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஸ்கேனரில் கேம்ஷாஃப்ட் கோணத் திருத்தம் 4 டிகிரியைத் தாண்டிக் காட்டினால் செயின் நீண்டுவிட்டது என்று பொருள், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. பிஎம்டபிள்யூ பக்கத்தில் இதே எச்சரிக்கை 2012 முதல் 2015 வரையிலான 328ஐ-க்கு. அதன் என்20 எஞ்சினில் செயின் வழிகாட்டியின் பிளாஸ்டிக் நொறுங்கி, துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழுந்து உறிஞ்சு குழாயை அடைக்கும். எஞ்சினை முடுக்கும்போது ‘ஙீ’ என்று மெல்லிய ஊளை கேட்டால் அந்தக் காரை விட்டு நகர்ந்துவிடுங்கள், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் சரி. பின்னால் வந்த பி48, பி58 எஞ்சின்கள் இந்தக் குறையிலிருந்து வெகுதூரம் விலகியவை.

அடுத்தது கூலன்ட். டிஎஸ்ஐ எஞ்சின்களில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. சூட்டில் அது வளைந்து, மூட்டில் கசியத் தொடங்கும். தரையில் சொட்டாது, எஞ்சினின் சூட்டிலேயே காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காகப் படிந்துவிடும். இரண்டு மாதத்துக்கொருமுறை தொட்டியில் அளவு குறைகிறது என்றால் அதுதான் காரணம். அப்போது செய்யக்கூடாத ஒன்று, பெட்ரோல் பங்க் குழாயில் பிடித்த தண்ணீரை ஊற்றுவது. போர் தண்ணீரின் உப்பு அலுமினியத்தில் படிந்து அரிக்கும். உரிய கூலன்டும் வாலைவடி நீரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். பிஎம்டபிள்யூவில் தொட்டியே வயதாகி வெடிக்கும், பிளாஸ்டிக் இணைப்புகள் உடையும். 80,000 கி.மீ. தாண்டிய காரில் இவற்றைக் கெடுவதற்கு முன்பே மாற்றுவதுதான் மலிவு, ஏனென்றால் ஒருமுறை எஞ்சின் அளவு மீறிச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

நேரடிப் பீய்ச்சலில் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவாது. அதனால் அங்கே கரி படியும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது திணறுவதும், ஐடிலில் நடுங்குவதும் அடையாளம். பெட்ரோலில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம் எதுவும் அந்த இடத்தை எட்டவே எட்டாது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை பலரும் பயப்படும் இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 10 விழுக்காட்டிலிருந்து 20-க்குப் போகும்போது மைலேஜ் மூன்று நான்கு விழுக்காடு குறைவது கணக்குப்படியே நடப்பது. மறுபக்கம், எத்தனால் ஆக்டேனை உயர்த்துகிறது, டர்போ எஞ்சினுக்கு அது நல்லது. உண்மையான கவலை 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும்தான். அவற்றை வருடம் ஒருமுறை பார்வையிட வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள், காலி இடத்தில் ஈரம் சேரும், எத்தனால் அதை இழுத்துக்கொள்ளும். காரின் பெட்ரோல் மூடியில் 95 என்று எழுதியிருந்தால் 95 ஆக்டேன் போதும். 100 ஆக்டேன் பெட்ரோலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் சாதாரண நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு வீண்.

டயரும் பிரேக்கும் சத்தமில்லாமல் பணம் கரைக்கும் இடங்கள். 45, 40 சீரிஸ் டயர்களின் பக்கச் சுவர் உயரம் குறைவு. இரவில் தெரியாத ஒரு பள்ளத்தில் விட்டால் சுவரில் கட்டி போலப் புடைப்பு வரும், அலாய் வீலின் உள் விளிம்பு நெளியும். புடைத்த டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். பல பிஎம்டபிள்யூக்களில் இருக்கும் ரன்-ஃபிளாட் டயர் காற்றில்லாமல் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகும், ஆனால் விலையும் கூடுதல், பஞ்சரான பிறகு பல நேரம் புதிதுதான். எம்340ஐ போல முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள காரில் முன்பின் மாற்றிப் போட வழியில்லை. அதில் நான்கு சக்கர இயக்கம் வேறு. இரண்டு டயரை மட்டும் புதிதாகப் போட்டு, தேய்ந்த இரண்டை விட்டுவைத்தால் சுற்றளவு வேறுபாட்டால், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். இரண்டு டயரை மிச்சப்படுத்தப் போய் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸை இழந்தவர்கள் உண்டு.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பிலேயே குறைந்தபட்சத் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். கேலிப்பரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வேக செடான்களில் பேட் இரண்டு செட் தேயும்போது டிஸ்க்கும் அந்த அளவைத் தொட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் தன்மையுள்ளது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஈரமேறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். வால்பாறையின் 40 வளைவுகளில் வேகமாக இறங்கும்போது பெடல் திடீரென்று தரை வரை போவதற்குக் காரணம் அதுதான். இது பணப் பிரச்சினையே இல்லை, உயிர்ப் பிரச்சினை. அந்த எண்ணெயை மாற்ற ஆகும் செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் தொகைதான்.

காப்பீட்டில் 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 சிசியைத் தாண்டி 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897 ரூபாய். 1,498 சிசி கொண்ட விர்ட்டஸ் ஜிடிக்கு இதில் ஒரு சிறு ஆதாயம். பெரிய தொகை சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான். ஐந்து வருடம் நெருங்கும் காரின் காப்பீட்டு மதிப்பு பாதியாகிவிடும். உதிரிபாகம் மாற்றும்போது பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். இன்றைய காரின் முன்பக்கம் முழுதும் பிளாஸ்டிக்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி பல நிறுவனங்களில் ஐந்து வருடத்தோடு நின்றுவிடும். ஆறாவது வருடக் காரை வாங்குபவர் இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா என்று விலை பேசுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பிரிவை சென்னைக்காரர்கள் விடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் கற்பித்தது அதைத்தான். தாழ்ந்த செடானின் காற்று உறிஞ்சும் வாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் போனால், நீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இது ‘பின்விளைவுச் சேதம்’ என்று தள்ளப்படும். நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முழுக் காரையும் தூக்கி ஏற்றும் ஃபிளாட்பெட் வண்டியை அழையுங்கள். சக்கரம் தரையில் உருள இழுப்பது டிஎஸ்ஜிக்கும் ஆகாது, நான்கு சக்கர இயக்கத்துக்கும் ஆகாது.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18, அதற்கு மேல் 20 விழுக்காடு ஆயுள் வரி. 50 லட்சம் ரூபாய் காருக்கு அது மட்டும் ஏறத்தாழ 10 லட்சம், விற்கும்போது திரும்பாத பணம். டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வரம்பு காரணமாக அங்கே இந்தக் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து கொண்டுவந்தால் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, காரின் வயதுக்கேற்ற ஆயுள் வரி எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு தோராயக் கணக்கு தருகிறேன். 20 லட்சத்துக்குப் பழைய ஆர்எஸ் ஒன்றை வாங்கி வருடம் 12,000 கி.மீ. ஓட்டுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 10 கி.மீ., பெட்ரோல் 101 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு 1.21 லட்சம். வருடம் இருமுறை எண்ணெய், ஃபில்டர்கள் 25,000. டயர் மூன்று வருடத்துக்கொரு முறை என்றால் வருடப் பங்கு 20,000. பிரேக் டிஸ்க், பேட் 14,000. கியர்பாக்ஸ் எண்ணெயின் வருடப் பங்கு 5,000. காப்பீடு 55,000. இத்தோடு கிளட்ச், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் புஷ், ஆல்டர்னேட்டர் என்று எது எப்போது கேட்கும் என்று தெரியாத செலவுக்கு 70,000 தனியாக எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் 3.1 லட்சம், மாதம் 26,000 ரூபாய்க்கு நெருக்கம். கிலோமீட்டருக்கு 26 ரூபாய். ஐந்து வருடத்தில் காரின் விலை பாதியாக இறங்கினால் அதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 43 ரூபாய். கடன் வட்டி இதில் இல்லை. இந்தத் தொகை நெருடாதவர் தாராளமாக வாங்கலாம். நெருடுபவருக்கு விர்ட்டஸ் அல்லது ஸ்லாவியா 1.5 மேனுவல் கியர் கார் நல்ல நடுவழி. 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும் குடும்பத்துக்குத் தாராளம், டயர் 16 அங்குலம், எல்லா ஊரிலும் கிடைக்கும். மேனுவல் கிளட்ச் மாற்றுவது டிஎஸ்ஜி கிளட்ச்சோடு ஒப்பிட்டால் சிறு செலவு.

பழையதைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. ஸ்டார்ட் செய்த முதல் மூன்று வினாடியில் செயின் சலசலப்பு கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். ஸ்பீடோமீட்டர் கி.மீ.-யை மட்டும் நம்பாமல் கியர்பாக்ஸ், எஞ்சின் போன்ற மற்ற கணினிகளில் பதிவாகியிருக்கும் கி.மீ.-யையும் ஸ்கேனரில் ஒப்பிடச் சொல்லுங்கள், மீட்டரைக் குறைப்பவர்கள் இவற்றை மறந்துவிடுவதுண்டு. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் வருடமும். நான்கு டயரிலும் நான்கு வேறு பிராண்டு இருந்தால், அந்த உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்களையும் அப்படித்தான் பராமரித்திருப்பார். எண்ணெய் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

தயாரிப்பு நிறுவனங்களிடம் தங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. குறைந்த எண்ணிக்கையில் கொண்டுவந்து விற்கும் கார்களுக்கு, குறைந்தது 30 முக்கிய உதிரிபாகங்களின் விலையையும் அவை வந்துசேர ஆகும் நாட்களையும் இணையதளத்தில் வெளிப்படையாக வைக்க வேண்டும். நூறு கார்களின் உரிமையாளர்கள் ஒரு ஹெட்லைட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது நியாயமாகாது. ‘லைஃப்டைம்’ என்று எழுதும் ஒவ்வொரு எண்ணெய்க்கும் பக்கத்தில் எத்தனை கி.மீ. என்று ஓர் எண்ணையும் எழுத வேண்டும். தாங்களும் வாகனப் பக்கத்தில் புதிய காரின் விலை, குதிரைத்திறன், மைலேஜ் ஆகியவற்றோடு, அந்தக் காரின் கிளட்ச் செட், முன் டிஸ்க் ஜோடி, ஒரு ஹெட்லைட், ஒரு டயர் ஆகிய நான்கின் விலையைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாகனப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.